புளி வாசனை அடித்த சிவப்புக் கார்

போன ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்குப் புளி ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகக் கறுத்த பழம்புளி. இங்கே ஜமுனாமரத்தூரில் புளிக்குப் பஞ்சமே இல்லை. மார்க்கெட்டில் நீங்கள் கொடுக்கிற விலையைக் கேட்டால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். கையைக் கழுவக்கூட விடாமல் என் மகள் ஓடி வந்து போனை மூக்குக்கு நேராக நீட்டினாள். ஒன்பதாவது படிக்கிறாள், சரியான கார்ப் பைத்தியம். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பழைய பைக். அதுவும் கொண்டை ஊசி வளைவில் முக்கும். இவளுக்கு எங்கிருந்து இந்த ஆசை வந்தது என்று அவள் அப்பா அடிக்கடி கேட்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

"யம்மா, புது மாடல் வந்துடுச்சி பாரு. கரண்டு காரு. சத்தமே கெடையாது."

"அதுக்கு இன்னா இப்போ?"

"அதனால பழசு வெல ஏறிக்கினே போவுதும்மா. தோ, இத பாரேன், இன்னா வெல!"

பார்த்தேன். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு. பெங்களூர்க்காரர்கள் வாரக் கடைசியில் காதைப் பிளந்துகொண்டு போவார்களே, அந்த ஜாதிக் கார். விலையைப் படித்து முடிக்கவே மூச்சு வாங்கியது. கீழே விளம்பரக்காரர் இப்படி எழுதியிருந்தார்: "உள்ளே லேசாக ஒரு வாசனை உண்டு. எத்தனை முறை கழுவியும் போகவில்லை. காரணம் தெரியவில்லை."

படத்தைப் பெரிதாக்கினேன். இடது பக்கக் கதவில், பிடிக்குக் கீழே, மூட்டை தூக்கும் கொக்கி கிழித்த கோடு அப்படியே இருந்தது. மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆனால் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்த கண்ணுக்குத் தெரியாமல் போகுமா?

காரணம் தெரியாதாம். எனக்குத் தெரியும். அது புளி வாசனை.

கண்ணமங்கலத்தில் மெயின் ரோட்டு ஓரத்தில் அப்போது ஒரு பழைய கார் வியாபாரம் நடந்தது. முதலாளி பெயர் தாமோதரன். அவருடைய பரம்பரைத் தொழில் புளி மண்டி. ஒடுகத்தூரில் கடை, கண்ணமங்கலத்தில் குடோன். மலையிலிருந்து இறங்குகிற புளியெல்லாம் அந்தக் குடோனில்தான் மலைபோலக் குவிந்து கிடக்குமாம். பிறகு எல்லோரும் குளிர்பதனக் கிடங்கில் புளியை வைக்க ஆரம்பித்தார்கள். குடோன் காலியானது. மருமகன் யோசனை சொல்ல, முதலாளி அதில் பழைய கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். புளி போனதே தவிர வாசனை போகவில்லை. சுவரில் ஊறியிருந்தது, தரையில் ஊறியிருந்தது. ஒரு வாரம் அங்கே நின்ற காருக்குள் ஏறி உட்கார்ந்தால் வாயில் எச்சில் ஊறும். ஒரு தடவை ஆரணியிலிருந்து கார் பார்க்க வந்த ஆளின் மனைவி மசக்கையாக இருந்தாள். பின்சீட்டில் உட்கார்ந்தவள் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அந்த மனுஷன் பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். முதலாளி பல நாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பி.காம் முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. சந்தவாசலிலிருந்து காலை பஸ். போனை எடுக்க வேண்டும், கம்ப்யூட்டரில் விளம்பரம் போட வேண்டும், வந்தவர்களுக்கு டீ சொல்ல வேண்டும். கார் ஓட்டத் தெரியாது. கிளட்ச் எது பிரேக் எது என்றுகூட அப்போது தெரியாது. ஆனால் போனில் பேசினால் நானே இன்ஜினைக் கழற்றி மாட்டினவள் மாதிரிதான் பேசுவேன். வாய் அப்படி.

அங்கே டிரைவராக இருந்தவன் காளி. மலைக்காரன். இதே ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கும் மேலே, அவனுடைய ஊர். அதற்கு முன்னால் மலைப் பாதையில் ஷேர் ஜீப் ஓட்டினவன். விற்கிற காரை ஓட்டிக் காட்டுவது, விற்ற காரைக் கொண்டுபோய் விடுவது, இதுதான் அவன் வேலை. சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போகும். என்னை முதலில் 'மேடம்' என்று கிண்டலாகக் கூப்பிட்டான், பிறகு 'இந்தா' என்றான், பிறகு எதுவும் சொல்லாமலே கூப்பிட ஆரம்பித்தான். அதற்குள் எனக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் எரிச்சலாக வர ஆரம்பித்திருந்தது. சுற்றி வளைப்பானேன், அவனை எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சிவப்புக் கார் வந்த கதையே தமாஷ். பெங்களூர்க்காரர் ஒருவர் மலையில் நிலம் வாங்கியிருந்தார். ஒவ்வொரு தடவை இந்தக் காரில் ஏறி வரும்போதும் அதன் வயிறு ரோட்டில் தேய்ந்தது. வெறுத்துப்போய் ஒருநாள் எங்கள் குடோனில் நிறுத்தி, ஒரு ஜீப்பைக் கேட்டு, இதைக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இன்னாடா இது, வெல்லக்கட்டியாட்டம் தம்மாத்தூண்டு கீது" என்றார். கதவில் கோடு விழுந்ததும் அன்றைக்குத்தான். குடோன் மூலையில் எப்போதோ மறந்துபோய்த் தொங்கிக்கொண்டிருந்த மூட்டைக் கொக்கியில் உரசிவிட்டது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். காளிக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது. நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவன் அந்தக் காரில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவான்.

முதலாளி தனக்குத் தெரிந்த வியாபாரச் சூத்திரம் ஒன்றை எல்லாக் காருக்கும் போட்டுப் பார்ப்பார். அது புளிச் சூத்திரம். "மாசி பங்குனில புதுப்புளி எறங்கிடுச்சின்னா பழம்புளிய எவன் சீந்துவான்? வெல படுத்துரும். காரும் அதான்மா. புது மாடல் வர்றதுக்குள்ள பழச தள்ளிடணும்." சாதாரணக் கார்களில் அது சரியாகத்தான் இருந்தது. புது மாடல் வருகிறது என்று பேச்சு கிளம்பினாலே போதும், வாங்க வந்தவன் "வரட்டும், பாத்துட்டு வாங்கிக்கலாம்" என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவான். பழைய காரின் விலை அந்த டீ ஆறுவதற்குள் இறங்கும். சிவப்புக் காருக்கும் அடுத்த மாடல் வரப்போகிறது என்று செய்தி வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டில் எங்கோ ஒரு மேடையில் துணியை விலக்கிக் காட்டப் போகிறார்களாம். முதலாளிக்குத் தூக்கம் போனது. அதற்குள் விற்றுவிட வேண்டும்.

படம் நன்றாக இருந்தால் விற்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, "மலைக்கு எட்த்துனு போய் போட்டோ புடிச்சிட்டு வாங்க" என்று எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார். காமிராவோடு நான், சாவியோடு அவன். போளூர் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் அந்தக் கார் போட்ட சத்தத்தை எப்படிச் சொல்வது? உறுமலும் இல்லை, பாட்டும் இல்லை. வளைவுக்கு வளைவு அவன் காலால் மிதித்துக் கியரை மாற்றும்போது அந்தச் சத்தம் ஒரு படி இறங்கி ஒரு படி ஏறும். அது மலையில் போய் முட்டித் திரும்பி வந்து என் நெஞ்சுக்குள் உட்காரும். நான் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்று கத்தினேன். மெதுவாகப் போகக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். பாறை உரசாமல், வயிறு தேயாமல், எந்த மேட்டில் எப்படிச் சாய்த்து ஏற்ற வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்திப் படம் எடுத்தோம். எடுத்து முடித்ததும் அவன் காரைப் பார்த்தபடியே, என்னைப் பார்க்காமல், சொன்னான்.

"உங்க வூட்டுக்கு வர்லாம்னு கீறேன்."

எனக்குக் காமிரா கை நழுவிவிட்டது. கழுத்தில் பட்டி மாட்டியிருந்ததால் தப்பித்தது. "வாங்களேன். யார் வேணான்னாங்க?" என்றேன், ஏதோ டீ குடிக்கக் கூப்பிடுகிற மாதிரி.

"வெறுங்கையோட எப்டி வர்றது? எங்க ஊர்ல பொண்ணு வூட்டுக்கு நாங்கதான் பரியம் குடுக்கணும். தான்யம், மாடு, பணம், எதுனா ஒண்ணு. இல்லாம வந்தா எங்கம்மாவே என்ன வூட்டுல சேக்காது."

"எங்க ஊர்ல அப்டி இல்லியே. நாங்கதான் உங்களுக்குப் போடணும்."

அவன் நம்பவில்லை. பொண்ணையும் கொடுத்து, மேலே பொருளையும் எவனாவது கொடுப்பானா என்று சிரித்தான். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. நானும் சிரித்தேன். பிறகு அவன் காரின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "கீழ்நாட்டுப் பொண்ணு கேக்க நாலு மாடு ஓட்டினு வந்தா உங்க தெருவுல கேலி பண்ணுவாங்க. இத எட்த்துனு வர்றேன். புது மாடல் வந்துட்டா இது வெல படுத்துரும். அப்போ மொதலாளிகிட்ட கேட்டா எனக்கே தந்துடுவாரு. ஓட்டினு வந்து உங்க நைனா கைல சாவிய குடுக்குறேன்."

எங்கள் நைனா நிலக்கடலை விவசாயி. அவருக்கு இரண்டு சீட்டுக் கார். ஒரு கடலை மூட்டையைக்கூட அதில் ஏற்ற முடியாது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் கண் காணாமல் போகாததைப் பார்த்ததும் என் சிரிப்பும் நின்றுவிட்டது.

கேட்டுக்கொள்ளுங்கள், ஊரில் எல்லாப் பெண்ணுக்கும் கல்யாணம் குருபலன் வந்தால் நடக்கும். எனக்குப் புது மாடல் வந்தால் நடக்கும் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! காலையில் போனதும் கம்ப்யூட்டரைப் போட்டு, ஆமை வேகத்தில் வருகிற அந்த இன்டர்நெட்டில் வெளிநாட்டுக் கார்ச் செய்தியைத் தேடுவேன். ஒருநாள் அடுத்த மாதம் என்பான். அடுத்த நாள் தள்ளிப்போகிறது என்பான். யாரோ ஒரு வெள்ளைக்காரன், என் முகம் தெரியாதவன், தொழிற்சாலையில் ஏதோ திருகாணி சரியில்லை என்று தள்ளிவைத்தால் இங்கே சந்தவாசலில் எனக்குச் சோறு இறங்காது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் உட்காரத் தோன்றும். பஸ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்தேன். வீட்டில் அம்மா ஜாதகத்தை எடுத்துத் தூசி தட்ட ஆரம்பித்திருந்தாள். வாரத்துக்கு ஒரு வரன் பேச்சு.

இதற்கு நடுவில் காரை வாங்குகிறேன் என்று போன் வரும். முதலாளி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, நான் குரலை இனிமையாக்கிக்கொண்டு, "கார் சூப்பருங்க, ஆனா உள்ள புளி வாசன அடிக்கும், பரவால்லியா?" என்பேன். பொய் இல்லையே. "புளியா?" என்பார்கள். "ஆமாங்க, சாம்பார் புளி" என்பேன். அதோடு வைத்துவிடுவார்கள். காளி அந்தப் பக்கம் ஒரு அம்பாசிடரைத் துடைத்துக்கொண்டே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். எங்கள் காதல் இந்த லட்சணத்தில்தான் நடந்தது.

முதலாளி விலையைக் குறைத்தார். திரும்பவும் குறைத்தார். ஒவ்வொரு தடவையும் காளி என்னைப் பார்ப்பான், அவன் கண் காணாமல் போகும். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்தான்.

அப்புறம் ஒருநாள் புது மாடல் வந்தேவிட்டது.

நான்தான் முதலில் படித்தேன். படம் மெதுவாக மேலிருந்து கீழே இறங்கி இறங்கி வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. காளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேருக்கும் கால் தரையில் இல்லை. மதியத்துக்கு மேல் முதல் போன் வந்தது, சிவப்புக் கார் இருக்கிறதா என்று. "புளி வாசன அடிக்கும்" என்றேன். "அடிக்கட்டுங்க, கிளட்ச் இருக்குதுல்ல?" என்றார் அந்த ஆள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாயங்காலத்துக்குள் இன்னும் நாலைந்து போன். எல்லோரும் அதே கேள்வி. கிளட்ச் இருக்கிறதா, கியர் கையால் போடுவதா, அந்தப் பழைய சத்தம் வருமா?

விஷயம் இதுதான். புது மாடலில் கிளட்சையே எடுத்துவிட்டார்கள். கியர் தானாக மாறும். இன்ஜினையும் சின்னதாக்கி, சத்தத்தையும் அமுக்கிவிட்டார்கள். வேகம் என்னவோ கூடத்தானாம். ஆனால் கார்ப் பிரியர்களுக்கு வேகம் மட்டும் போதாது. காலால் மிதித்து, கையால் போட்டு, காதால் கேட்க வேண்டும். இனிமேல் அப்படி ஒன்று வராது என்று தெரிந்ததும் பழையதைத் தேடி ஓடி வந்தார்கள். படுத்துவிடும் என்று நாங்கள் காத்திருந்த விலை எழுந்து நின்று ஓட ஆரம்பித்தது.

முதலாளிக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். "இன்னாடி இது, புதுசு வந்து பழசு ஏறுது? ஒலகத்துல இல்லாத கூத்தா கீது!" என்று சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் புலம்பினார். அந்த அம்மா டிபன் கேரியரைத் திறந்துகொண்டே, "ஏன், அரிசி ஏறலியா? புது அரிசியவிட பழய அரிசி வெல ஜாஸ்திதான? காலம் பூரா புளியவே பாத்தா இப்டித்தான்" என்றார். முதலாளி அன்றைக்கு இரண்டு தடவை குழம்பு ஊற்றிக்கொண்டார்.

காளி சாப்பிடவில்லை. காருக்குப் பக்கத்தில் குந்தியபடி டயரையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். கிளட்சைக் கழற்றின வெள்ளைக்காரன் கையில் கிடைத்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளி கேட்ட விலைக்கே எடுத்துக்கொண்டார். ஓட்டிக்கொண்டுபோய் விட வேண்டியது காளியின் வேலை. அன்றைக்கு நான் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்தேன். அதைப் பார்க்கிற தெம்பு எனக்கில்லை. முற்பகல், அம்மா முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அந்தச் சத்தம் கேட்டது. மெயின் ரோட்டிலிருந்து திரும்பும்போதே கேட்டது. ஒரு படி இறங்கி ஒரு படி ஏறி. எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். வேலூர் வழியாகப் போக வேண்டியவன் எங்கள் ஊர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

தெருவே கூடிவிட்டது. பையன்கள் கார்மேல் விழாத குறை. நைனா கொல்லையிலிருந்து கை கழுவாமல் ஓடிவந்தார். காளி செருப்பில்லாமல் இறங்கி, கும்பிட்டு, என்னோடு வேலை செய்கிறவன் என்று சொல்லி, அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தான். நைனாவுக்குச் சொல்லவா வேண்டும்? என் முகத்தைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வர வர அவர் முகம் கறுத்துப்போனது. அம்மாவிடம் ஒதுங்கிப்போய்க் கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுப்பு நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"அம்மாம் பெரிய எடம் நமக்கு எதுக்குடி? இந்தக் கார்ல வர்ற புள்ளைக்கி நாம இன்னாத்த போட்டு கட்டிக்குடுக்கறது? இருக்கற நெலத்த வித்தாலும் ஆவாது."

திரும்பி வந்து, மரியாதையாகச் சொன்னார்: "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அந்த அளவுக்கு செய்ய எங்களால முடியாதுங்க."

மலையில் சிரித்தோமே, அவன் நம்பவில்லையே, அது இப்படி வந்து நின்றது. அவன் கொண்டுவர முடியவில்லையே என்று கூனிக்குறுகி நிற்கிறான். இவர் கொடுக்க முடியாதே என்று நடுங்குகிறார். காளி தலையைக் குனிந்துகொண்டான். "காரு என்னுது இல்லீங்க. வித்துப்போச்சு. கொண்டுபோய் வுடத்தான் போறேன். ஒரு தடவ உங்க வூட்டு வாசல்ல நிறுத்திட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான்.

நைனாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒரு நிம்மதி. "அப்பாடா, டிரைவர் தம்பியா? முன்னாடியே சொல்லக்கூடாதா!" என்று சிரித்தே விட்டார். மலைக்காரன், வேறு ஜனம் என்கிற பேச்செல்லாம் பிறகு வந்திருக்கும், அதற்கு ஒரு சண்டையும் போட்டிருப்பேன். ஆனால் அந்த நிமிஷத்தில் நைனா சிரித்தார். காளி அதைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தச் சிரிப்பு கேலியாகத்தான் பட்டிருக்க வேண்டும். அம்மா மோர் எடுக்க உள்ளே போவதற்குள் அவன் காரில் ஏறிவிட்டான்.

நான் ஓடினேன். ஜன்னலைத் தட்டி, "காளி, போவாத, நைனா ஒத்துக்குவாரு, நீ பஸ்லயே வா" என்று கத்தினேன். அன்றைக்குத்தான் முதல்முதலாக அவனை 'நீ' என்றேன். அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான். நான் உயிராக நினைத்த அந்தச் சத்தத்தில் என் சத்தம் எடுபடவே இல்லை.

விடுவேனா? மறுநாள் போன் போட்டுப் பேசினேன். மில் முதலாளிக்கு அவன் ஓட்டியது பிடித்துப்போய்விட்டதாம். அந்தக் காரோடு அங்கேயே இருந்துவிடச் சொன்னாராம்.

"இருந்துட்டு?"

"அடுத்த மாடல் வரட்டும். இது எப்டியும் எறங்கிடும். அய்யா எனக்கே தர்றேன்னு சொல்லிக்கீறாரு. எட்த்துனு வர்றேன்."

"யோவ், எங்க நைனாவுக்குக் கார் வேணாம்யா. நீ வந்தா போதும். பஸ் ஏறி வா."

"பஸ்ல வந்தா உனக்கு இன்னா மரியாத?" என்றான். மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன குழம்பா வைக்க முடியும்?

அதற்குப் பிறகும் காத்திருந்தேன், அதுதான் வேடிக்கை. அடுத்த மாடல் வந்தது. அதில் சத்தம் இன்னும் குறைந்தது, பழையது இன்னும் ஏறியது. தெருவில் எந்தக் கார் திரும்பினாலும் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவேன். அம்மா கரண்டியைப் பொறுக்கிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்ப்பாள். போன் பேச்சு வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாகி, நின்றேபோனது. பிறகு ஒரு வாத்தியார் வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாழைப்பழமும் வெற்றிலையும் மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நான் சரி என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், எதற்கும் காத்திருக்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. குழம்பு கொதிப்பதற்குள் தட்டில் சோறு போட்டுக்கொள்வார். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் மலைமேல் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது, வந்துவிட்டோம். விதியின் குறும்பைப் பாருங்கள், காளியின் மலையில் நான் குடியிருக்கிறேன். அவன் கோயம்புத்தூரில்.

அவன் கோயம்புத்தூரில் என்றுதான் போன ஞாயிற்றுக்கிழமை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர்த் தொட்டி ஓரம், எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே மூலையில் நின்றுகொண்டு விளம்பரத்தில் இருந்த நம்பருக்குப் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள். கை சும்மா இருக்கவில்லை. மில் முதலாளியின் மகன் எடுத்தார்.

"அந்த வாசன புளி வாசனைங்க. ஒண்ணும் பண்ணாது. கார் முன்ன புளி குடோன்ல நின்னுக்கினு இருந்துச்சி" என்றேன்.

"அட, அப்படிங்களா? எங்க டிரைவரண்ணன் கிட்ட எத்தன வாட்டி கேட்டோமுங்க! தெரியாதுன்னே சொல்லிப்போட்டாருங்க."

தெரியாதாமே! புளியமரத்தடியில் பிறந்தவன். "அவரு இப்போ இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"ஊருக்குப் போயிட்டாருங்க. அப்பா அந்தக் காரை அவருக்கே கொடுக்கிறேன்னு எப்பவோ சொல்லியிருந்தாருங்களாம். அப்பாவும் தவறிட்டாரு. இப்ப இருக்கிற விலைக்கு எப்படிங்க சும்மா கொடுக்கிறது? கேட்டுப் பார்த்தாரு, முடியாதுன்னு சொல்லிட்டோம். சாவியை வச்சுட்டாருங்க. கிளட்ச் மிதிச்சு ஓட்ட இங்க இப்ப வேற ஆளும் இல்லீங்க, அதான் விக்கிறோம். போன வாரம் நானேதான் அவரை மலைக்குப் பஸ் ஏத்தி விட்டேனுங்க."

போனை வைத்துவிட்டேன். வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். மேலே பார்த்தால் மலை, வளைவு வளைவாக ரோடு. இந்த மலையில் எங்கேயோதான் இருக்கிறான். எந்த வாசலில், யார் முன்னால், வெறுங்கையோடு போய் நின்றானோ தெரியவில்லை. எனக்கு வந்தது பரிதாபம் இல்லை, ஆத்திரம். நல்ல, சுத்தமான ஆத்திரம். கடைசியில் பஸ்ஸில்தான் வந்திருக்கிறான்.

கண்ணமங்கலம் குடோன் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். தாமோதரன் முதலாளியும் இல்லை, அவர் மனைவியும் இல்லை. சந்தவாசல் வீட்டை விற்றுவிட்டோம்; வாங்கினவர்கள் இடித்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சிவப்புக் காரின் சத்தம் இனி எந்தப் புது மாடலிலும் வராது என்று என் மகள் சொல்கிறாள். அது போகட்டும். பஸ்ஸில் வந்தவனைப் பார்த்து அப்பாடா என்று சிரிக்க நைனா இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் போளூர் பஸ் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்திருந்தேன். வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.